லாப்ரடூடில்: கொட்டாத முடிதான் தொல்லை

லாப்ரடாரும் பூடிலும் கலந்த லாப்ரடூடில் குட்டி விலை இறங்கியிருக்கிறது, எடுக்கலாமா என்று கொழிஞ்சாம்பாறை நண்பர் கேட்டதற்காக இது. குணத்தில், புத்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச வேண்டியது முடியைப் பற்றி.

'அலர்ஜியே வராது' என்று விற்கிறார்கள். 1989-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பார்வையற்றோருக்கு நாய் பழக்கும் நிறுவனத்திலிருந்த வாலி கான்ரன், ஹவாய்ப் பெண்மணி ஒருவருக்காக ஸ்டாண்டர்ட் பூடிலையும் லாப்ரடாரையும் சேர்த்தார். அந்தப் பெண்மணியின் கணவருக்கு நாய் அலர்ஜி. பிறந்த மூன்று குட்டிகளில் அவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று! அலர்ஜி தரும் புரதம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி கொட்டாததால் அது இல்லாமல் போகாது. வீட்டில் ஆஸ்துமா இழுப்புக்காரர் இருந்தால், அதே குட்டியோடு உட்கார வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்த நேர் கலப்பில் பெரும்பாலும் அலை முடி, தாடி மீசையோடு. அந்தக் கலப்புகளையே ஒன்றோடொன்று சேர்த்தால் ஒரே ஈற்றில் சுருட்டையும் வரும், லாப் போலக் கொட்டுவதும் வரும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா இதை இனமாகப் பதிவதில்லை. பேப்பர் (வம்சாவளிச் சான்று) என்றால் தாய் தகப்பனுடையதைக் கேளுங்கள், இடுப்பு எக்ஸ்ரேயோடு. பார்வையைப் பறிக்கும் பிஆர்ஏ என்ற விழித்திரை நோய் இரண்டு இனத்திலும் உண்டு, கலந்ததால் மறைந்துவிடாது.

இனி சிக்கு. லாப்பின் அடிமயிர் உதிர்கிறது, பூடிலின் சுருள் அதை விழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. 8 முதல் 12 மாதத்தில் குட்டி முடி மாறும்போது மிக மோசம். காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில் பாருங்கள்: மேலே பளபளப்பு, தோலோடு கம்பளிப் படை. தோல் தெரிய வகிடெடுத்து, வகிடு வகிடாக ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பல் வைத்தது) போட்டு, பிறகு ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். சீப்பு நின்றால் அங்கே சிக்கு. அதை எடுக்காமல் குளிப்பாட்டினால் இறுகிவிடும், அப்புறம் மழிப்பதுதான் வழி. குளித்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றி, புளோயரில் தோல்வரை காய வையுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஈரம் தங்கினால் ஒரே இரவில் நக்கி நக்கிப் புண்ணாகும். காதில் ஈஸ்ட் பூஞ்சை வந்து புளித்த வாடை அடிக்கும். உண்ணியும் கண்ணில் படாது. பாலக்காட்டு வெயிலுக்கு 6–8 வாரத்துக்கு ஒருமுறை கிளிப்பரில் 7எஃப் பிளேடு போட்டு வெட்டினால் போதும், 3 மில்லிமீட்டர் முடி நிற்கும். அதற்கும் கீழே வழித்தால் தோல் வெந்துபோகும்.

இதைவிட அன்பான நாய் கிடைக்காது. இருந்தாலும் எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உருவாக்கிய கான்ரனே பிற்காலத்தில் வருந்தினார். தினமும் சீவ ஆளில்லாத வீட்டுக்கு லாப்ரடாரே போதும். அதன் முடி தரையில் விழும், கூட்டிவிடலாம்.