கேன், குட், மஸ்ட்: அட்டவணையா, பயணக் கதையா?

முடியும், கூடும், வேண்டும் போன்ற பொருளைச் சேர்க்கும் துணைவினைகளை ஆங்கிலத்தில் மோடல் வெர்ப் என்பார்கள். அவற்றில் முதன்மையானவை 9 தான்: கேன், குட் (could), மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட். இவற்றைப் படிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சொல், பொருள், எடுத்துக்காட்டு என்று கட்டம் போட்ட அட்டவணை. உச்சரிப்புக்குத் தனியாக ஷிப், ஷீப் என்று ஜோடிச் சொற்கள். இன்னொன்று, யாரோ ஒருவர் ஊர் ஊராகப் போகும் கதையைக் கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லி, மோடலையும் உச்சரிப்பையும் ஒன்றாகப் பழகுவது.

வெறும் விதிக்கு அட்டவணையே போதும். மோடலுக்குப் பின்னால் வினை மாறாது, 'ஹீ கேன் கோஸ்' என்று வராது, கேள்விக்கு 'டூ' தேவையில்லை. உட்கார்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். இதைக் கதைக்குள் தேடுவது வீண் அலைச்சல்.

பொருள் என்று வரும்போது கதை அட்டவணையை எங்கேயோ முந்திப் போய்விடுகிறது. அட்டவணையில் 'மஸ்ட் நாட்', 'டோன்ட் ஹேவ் டு' இரண்டும் அடுத்தடுத்த வரிகள். படித்த மறுநாளே குழம்பும். கதையில் விமான நிலைய ஊழியர் 'யூ மஸ்ட் நாட் ஓபன் திஸ் டோர்' என்கிறார். திறக்கக் கூடாது, திறந்தால் அலாரம் அலறும். சற்றுத் தள்ளி இன்னொருவர் 'யூ டோன்ட் ஹேவ் டு ஓபன் யுவர் பேக்' என்கிறார். திறக்க வேண்டியதில்லை, திறந்தாலும் யாரும் திட்டப் போவதில்லை. பயணிக்கு என்ன ஆகுமோ என்ற பதற்றத்தோடு படித்த இடம் மனதில் தங்கிவிடும்.

'குட்' இன்னும் நல்ல உதாரணம். பயணி ஓடிப்போய்க் கடைசி ரயிலைப் பிடித்துவிட்டார். 'பிடிக்க முடிந்தது' என்று நினைத்ததும் நம் வாயில் 'ஐ குட் கேட்ச்' என்றுதான் வரும். ஒரே ஒரு முறை சாதித்த காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச்' அல்லது 'ஐ மேனேஜ்டு டு கேட்ச்' என்பதே வழக்கம். ரயிலைக் கோட்டை விட்டிருந்தால் 'குடன்ட்' தாராளமாகப் பொருந்தும். இந்த நுணுக்கம் நல்ல இலக்கண நூல்களில் இருக்கிறது; ஆனால் சின்ன அட்டவணையில் 'குட் = முடிந்தது' என்று போட்டு விட்டுவிடுகிறார்கள்.

உயிரொலிகளில் எனக்கு அட்டவணை மேல் மரியாதை கூடுகிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் வழக்கமான கணக்குப்படி உயிரொலிகள் 20. தமிழில் உயிரெழுத்து 12. குறில் நெடில் நமக்குச் சிக்கலே இல்லை, லிவ்வும் லீவும் எளிதில் பிரியும். சிக்கல் 'பேக்'கில். தோளில் மாட்டும் பேக், முதுகைக் குறிக்கும் பேக், ரொட்டி சுடும் பேக், மூன்றையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். முதல் இரண்டிலும் வாய் அகலமாகத் திறக்கும், ஒலி 'ஏ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவில் நிற்கும். மூன்றாவது 'எ'யில் தொடங்கி 'இ'யை நோக்கி நகரும். கதை இங்கே கைகொடுக்காது. எந்த பேக் என்பதைச் சூழலே சொல்லிவிடுவதால் காது உழைக்க மறுக்கிறது. ஜோடியாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பிரியும்.

ஆனால் அதே ஜோடிப் பட்டியல் 'கேன்' என்ற சொல்லில் நம்மை ஏமாற்றும். தனியாகச் சொன்னால்தான் அது முழு 'கேன்'. வாக்கியத்தின் நடுவில் 'க்ன்' என்று தேய்ந்துவிடும். நமக்கு இது புதிதல்ல. 'ஆறு', 'நாடு' என்பவற்றின் கடைசி உகரத்தை நாமும் குறுக்கித்தான் சொல்கிறோம், குற்றியலுகரம் என்று பெயரும் வைத்திருக்கிறோம். அமெரிக்க ஆங்கிலத்தில் 'கேன்', 'கேன்ட்' இரண்டுக்கும் உயிரொலி ஒன்றே, கடைசி 'ட்'டும் பெரும்பாலும் காதில் விழாது. அதனால் நாம் 'ஐ கேன் கம்' என்று அழுத்திச் சொன்னால், வர முடியாது என்று எதிராளி புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. மோடலும் உயிரொலியும் முட்டிக்கொள்ளும் இந்த இடத்தைக் கதையின் ஓட்டத்தில்தான் பழக முடியும். அதற்காகவே என் ஓட்டு கதைக்கு.

எல்லாப் பயணக் கதையும் உதவாது. முழுக்க இறந்தகாலத்தில் போகும் கதையில் 'கேன்' 'குட்' ஆகிவிடும், 'வில்' 'வுட்' ஆகிவிடும், 'மஸ்ட்' பெரும்பாலும் 'ஹேட் டு' ஆகிவிடும். உரையாடல் நிறைந்த, ஒலிப்பதிவோடு வரும் கதையாகப் பாருங்கள். டிக்கெட் கவுன்ட்டர், விடுதி வரவேற்பறை, வழி கேட்கும் காட்சி இருந்தால் 'குட் யூ', 'மே ஐ', 'யூ ஷுட்' எல்லாம் தானாக வந்து விழும். அப்புறம் 'ஐ கேன் ஹெல்ப் யூ' என்ற வரியை நீங்களே சொல்லிப் பதிவு செய்து, அழுத்தம் 'ஹெல்ப்'பில் விழுகிறதா என்று கேளுங்கள். 'கேன்'னில் விழுந்தால் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.