மேலே காய்ந்த காற்று, கீழே ஈரம்: டெல்டாவுக்கு எந்த நீராவிப் படம்?

தை பிறக்கும் நேரம். சம்பா கதிர் முற்றி நிற்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் இன்சாட் செயற்கைக்கோளின் நீராவிப் படம் கருப்பாக இருந்தால், "மழை இல்லை, அறுவடை மெஷினை வரச் சொல்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். 2021 ஜனவரி மழையில் கதிர் சாய்ந்து முளைத்ததைப் பார்த்த ஊர் இது. எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் நீராவிப் படம் 7 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பில் எடுப்பது. அந்தக் கதிரை நீராவியே விழுங்கிவிடும். ஆகவே செயற்கைக்கோளுக்கு எட்டுவது பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீட்டர் உயரத்துச் சேதிதான். வெள்ளை என்றால் மேலே ஈரம் அல்லது உயர்ந்த மேகம். கருப்பு என்றால் மேலே காய்ந்த காற்று. தரையை ஒட்டிய இரண்டு கிலோமீட்டர் நம் பக்கத்தில் அதன் கண்ணில் படாது. நாகை, வேதாரண்யம் கரையில் விடியற்காலை கொண்டலோடு (கிழக்குக் காற்றோடு) வரும் மேகம் சில நாள் நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் வளராமலே கொட்டிவிட்டுப் போகும்.

அறுவடைக் கேள்விக்கு என் ஓட்டு செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் கருவிகள் தரும் மொத்த நீராவி வரைபடத்துக்கு. தரை முதல் உச்சி வரை உள்ள நீராவி எல்லாம் தண்ணீரானால் எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். நீராவியில் பெரும்பங்கு கீழ் மூன்று கிலோமீட்டரில் இருப்பதால், நமக்கு வேண்டிய அடுக்கை அது விடுவதில்லை. நிலத்தின் மேல் கணக்கு சற்றுத் தடுமாறும். நாகைக்குக் கிழக்கே கடல்மேல் உள்ள எண்ணைப் பாருங்கள், காற்று அங்கிருந்துதானே வருகிறது. குறை என்னவென்றால், ஈரம் எந்த உயரத்தில் என்று அது பிரித்துச் சொல்லாது.

ஈரத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுவது இன்சாட்டில் உள்ள சவுண்டர் என்ற கருவி. ஆனால் மேகம் மூடினால் அதன் கீழே அதற்குத் தெரியாது. அப்புறம் காரைக்காலில் காற்றை அளக்க மேலே அனுப்பும் வானிலை பலூன்தான் கதி.

புயல் என்றால் கதை வேறு. வடமேற்கிலிருந்து காய்ந்த காற்று சுழலுக்குள் நுழைவதை நீராவிப் படம் போல வேறெதுவும் காட்டாது.

நீராவிப் படம் கருப்பு, கடல்மேல் மொத்த நீராவி 55 மில்லிமீட்டர், காற்று கிழக்கிலிருந்து: மூன்றும் சேர்ந்தால் அன்றைக்குச் சாலையில் நெல்லைக் காயப் போட வேண்டாம்.