வரவேற்பு மேசை ஆங்கிலமும் ஐஈஎல்டிஎஸ்ஸும்: 14 மாத அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, சீசன் நேரத்தில், ஒரு நாளில் தமிழைவிட ஆங்கிலம்தான் அதிகம் கதைப்பேன். அதனால் மேற்படிப்புக்கு ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 9க்கு 6.5 வேண்டும் என்றபோது பெரிதாகக் கவலைப்படவில்லை. லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் தானாக வரும், ரைட்டிங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு.

முதல் தடவை வந்த புள்ளிகள்: லிசனிங் 6, ரீடிங் 5.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 5.5. நான்கின் சராசரி 5.75, அதை 6 என்று உயர்த்திக் கொடுத்திருந்தார்கள். பயந்து பயந்து எழுதிய ரைட்டிங்கில் 6. வாயால் சோறு உண்கிற எனக்கு ஸ்பீக்கிங்கில் 5.5. வீட்டில் இதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே தேர்வுக்குப் போனதும் ஒரு காரணம்தான். திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே போய்த் தூங்குங்கள். ஆனால் தூக்கத்தின் மேல் எல்லாப் பழியையும் போட முடியாது.

இரண்டாம் தடவைக்கு முன் 14 மாதம் பயிற்சி செய்தேன். முதல் நான்கு மாதம் வீண். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பஸ்ஸில், சமையலறையில், துணி காயப்போடும்போது என்று எந்நேரமும் ஆங்கிலம் கேட்டேன். மாதிரித் தேர்வில் 40க்கு 24, 25 என்று அதே இடத்தில் நின்றது. பிறகு ஆன்லைனில் சில வாரம் பாடம் எடுத்த ஆசிரியை ஒருவர், "இவ்வளவு கேட்க வேண்டாம். ஒரே ஒரு நிமிசம் கேளுங்கோ, கேட்டதை ஒரு சொல் விடாமல் எழுதுங்கோ" என்றார்.

அதற்கு பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷ் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டேன். ஆறு நிமிட உரையாடல், எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கும். ஒரு நிமிடத்தை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி எழுதி, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பேனாவால் திருத்துவேன். முதல் வாரம் ஒரு நிமிடத்துக்கு 40 நிமிடம் பிடித்தது. சிவப்பாகியவை எல்லாம் பெரிய சொற்கள் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரியாத சொல் அபூர்வம். தெரிந்த சின்னச் சொற்கள்தான் காணாமல் போயிருந்தன. 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிடப்' என்று ஒரே சொல்லாகக் காதில் விழுகிறது. 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்'. சாதாரண தரத் தமிழில் புணர்ச்சி படித்தோமே, மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பின் உயிர் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று? அதேதான். தமிழில் ஒட்டினால் நமக்கு எழுத்திலும் தெரியும். ஆங்கிலத்தில் தாளில் பிரித்து எழுதிவிட்டு வாயில் ஒட்டுகிறார்கள். இது பிடிபட்ட பிறகு காது திறந்தது என்றே சொல்லலாம்.

இன்னொரு ஓட்டை எங்கள் தொழிலிலேயே இருந்தது. லிசனிங்கில் நான்கு பகுதி, சுமார் 30 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். முதல் பகுதி மிக எளிது என்பார்கள்: முன்பதிவு மாதிரியான ஓர் உரையாடல், பெயர், முகவரி, தொலைபேசி எண். அது என் அன்றாட வேலை! ஆனால் அங்கேதான் மூன்று, நான்கு விட்டேன். யோசித்துப் பார்த்தால், விருந்தினரின் பெயரை நான் ஒருநாளும் காதால் கேட்டு எழுதியதில்லை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துத்தான் எழுதுவேன். 'தேர்ட்டீன்' என்றாரா 'தேர்ட்டி' என்றாரா என்று சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பேன். தேர்வில் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. அதற்கு மருந்து, தங்கையை எழுத்தெழுத்தாகப் பெயர்களை வாசிக்கச் சொல்லி எழுதியது. அவளுக்குச் சலிப்பு, எனக்குப் புள்ளி.

ரீடிங்குக்குச் சுருக்கமாக ஒன்று மட்டும். ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்வியில் உங்களுக்குத் தெரிந்ததை மறந்துவிடுங்கள். ஒரு மாதிரித் தாளில் நீலத் திமிங்கிலம் பற்றிய பந்தி வந்தது. எங்கள் கடலுக்கு வருகிற விலங்கு, விருந்தினர்களைப் படகில் ஏற்றி அனுப்புகிற எனக்குத் தெரியாததா என்று சடசடவென்று ட்ரூ போட்டேன். பாதி நாட் கிவன். நான் சொன்னது உலகத்தில் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தத் தாளில் அது இல்லை.

இப்போது ஸ்பீக்கிங். 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை கதைக்க வேண்டும். முதல் தடவை எனக்கு வந்தது, பார்க்க விரும்பும் பழைய இடம் ஒன்றைப் பற்றி. அதிர்ஷ்டம் என்று நினைத்து எங்கள் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டையை எடுத்தேன். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், உள்ளே கோணேசர் கோயில், வழியில் மான்கள் என்று விருந்தினருக்குச் சொல்வதை அப்படியே ஒப்புவித்தேன். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்றாம் பகுதியில் தேர்வாளர், பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அரசு பணம் செலவழிப்பது நியாயமா என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

ஆங்கிலம் வராமல் அடைக்கவில்லை. அபிப்பிராயம் வரவில்லை. வரவேற்பு மேசையில் எங்களுக்கு அபிப்பிராயம் கிடையாது. வெயில் மோசம் என்று விருந்தினர் சொன்னால் மோசம், அருமை என்றால் அருமை. ஆறு வருடமாக நான் கதைத்தது ஓர் இருநூறு வாக்கியம்தான், எல்லாம் இணக்கமான வாக்கியங்கள்.

இதைச் சரிசெய்ய முதலில் செயற்கை நுண்ணறிவோடு உரையாடுகிற ஒரு செயலிக்கு டாலரில் மாதச் சந்தா கட்டினேன். கூச்சம் போக உதவியது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் ஒரு வரவேற்பு மேசை. நான் எதைச் சொன்னாலும் அருமை என்று பாராட்டும். உச்சரிப்புப் பிழைத்தால் தானே ஊகித்துப் புரிந்துகொண்டு மேலே போய்விடும். நான்கு மாதத்தில் நிறுத்திவிட்டேன். போனிலேயே இருக்கிற குரல்வழித் தட்டச்சு இதைவிடக் கறாரானது: 'ஷிப்' என்று சொல்லி 'ஷீப்' என்று திரையில் வந்தால் பிழை என் நாக்கில் என்று தெரிந்துவிடும். அப்புறம், இரண்டு நிமிடம் கதைத்துப் பதிவு செய்து, அதையும் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்த்தேன். ஒரு பதிவில் 'ஆக்சுவலி' 11 தடவை. அறைக்குள் தனியே கதைப்பதைக் கேட்டு அம்மா கதவைத் தட்டி, "யாரோட பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்ட நாளும் உண்டு.

உண்மையில் உதவியவர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருகிற நண்பர். அவரும் இதே தேர்வுக்குப் படிக்கிறார். சனிக்கிழமை மாலை டச்பே கடற்கரையில் இருந்து, ஒரு தலைப்பை எடுத்து, காசு சுண்டிப் பக்கம் பிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சண்டை பிடிப்போம். நகரத்து மான்கள் குப்பையில் பொலித்தீன் தின்பதற்கு யார் பொறுப்பு, சுற்றுலாப் பயணிகளா, நாமா, மாநகரசபையா? முதல் நாள் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டினேன். "மச்சான், நீ எனக்கு ரூம் குடுக்க வரேல்ல, சண்டைக்கு வந்திருக்கிறாய்" என்றார். பக்கத்தில் கச்சான் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாதம் இப்படிப் போனது. 'நீங்கள் சொல்வது சரி, ஆனால்' என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் தடவை: லிசனிங் 7.5, ரீடிங் 6.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 6.5. மொத்தம் 6.5. ரைட்டிங் நகரவே இல்லை. அதற்கு நான் செய்ததும் குறைவு, ஆகவே அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்தப் புள்ளி இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அதற்குள் விண்ணப்ப வேலைகளை முடிக்க வேண்டும்.

நண்பருக்கு அடுத்த மாதம் தேர்வு. இந்தச் சனிக்கிழமைத் தலைப்பு, ஹோட்டல்கள் கடற்கரையை வேலி போட்டு மறிக்கலாமா என்பது. காசு சுண்டியதில் மறிக்கலாம் என்கிற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது.