30 ரூபாய்க்கு ஒரு ராஜ்மா: "பாரம்பரிய செடி பீன்ஸ் விதை" வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் பணம் போடுங்க

தொகையை முதலிலேயே சொல்லிடறேன். 1,430 ரூபாய். மூணு பாக்கெட், பாக்கெட்டுக்கு 450, கூரியருக்கு 80. ஒரு பாக்கெட்டில் எண்ணி 15 விதை. அதாவது ஒரு பீன்ஸ் விதை 30 ரூபாய். அந்தக் காசுக்கு வந்து சேர்ந்தது: ஒரு பாக்கெட் செத்த விதை, ஒரு பாக்கெட் மளிகைக் கடை ராஜ்மா, ஒரு பாக்கெட் தட்டைப்பயறு. விதை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்னு கடைசியில் விவரமா எழுதறேன். முதலில் நடந்ததைக் கேளுங்க.

விற்றது கடை இல்லை. "பாரம்பரிய விதை"ன்னு பெயர் வெச்ச ஒரு சமூக வலைத்தளப் பக்கம். ஆர்டர் வாட்ஸ்அப்பில், பணம் யுபிஐயில். பெயரை இங்கே போடலை, போட்டா நாளைக்கே வேற பெயரில் திறப்பாங்க.

பட்டியலில் மூணு ரகம். ராயல் பர்கண்டி: கருஊதா காய், வேகவெச்சா பச்சையாயிடும். டிராகன் டங்: வெளிர் மஞ்சள் தட்டைக் காயில் ஊதாக் கோடு. மூணாவதுக்கு "பாட்டி காலத்துப் பச்சை பீன்ஸ்"னு பெயர். மூணுமே கொம்பு, பந்தல் வேண்டாத குத்துச்செடி, முழங்கால் உயரம்தான் வரும்னு போட்டிருந்தது. "நம்ம முன்னோர் ஆதிகாலத்திலிருந்து காத்த விதை"ன்னு ஒரு வரி வேற. பீன்ஸே மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியா இங்கே வந்த பயிர். அது கிடக்கட்டும்.

நம்பிக்கை வந்த இடம் எதுன்னா, அந்த ஆள் கேட்ட கேள்விகள். "அக்கா, தரையா மாடியா? வெயில் ஆறு மணி நேரமாவது விழுதா? நாற்று விட்டு நடாதீங்க, பீன்ஸுக்கு வேர் அசைஞ்சாப் போச்சு, நேரா ஊனிடுங்க. யூரியா பக்கம் போகாதீங்க, இலையா அடிச்சிட்டுப் போயிடும், காய் பிடிக்காது." அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்பில்லை. கூடவே காய்ஞ்ச நெற்றைப் பிளந்து உள்ளங்கையில் விதையோட காட்டுற ஒரு படம். விவரம் தெரிஞ்ச ஆள் ஏமாத்த மாட்டான்னு யாருக்கும் தோணும். அந்தப் படம் ஒரு வெளிநாட்டு விதை விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்ததுன்னு படத்தை வெச்சுத் தேடினப்போ அப்புறம் தெரிஞ்சுது. சரியான ஆலோசனைதான் தூண்டில்.

பாக்கெட் வந்ததும் "பாட்டி காலத்துப் பச்சை"யைப் பிரிச்சா, விதை சின்னது, கண்ணைச் (நெற்றோட ஒட்டியிருந்த தழும்பை) சுற்றிக் கருப்பு வளையம். பீன்ஸ் விதை இப்படி இருக்காது, இது தட்டைப்பயறுன்னு அன்னைக்கே படம் எடுத்து அனுப்பியாச்சு. பதில்: "நாட்டு ரகம் அப்படித்தான்க்கா இருக்கும், போட்டுப் பாருங்க." போட்டுப் பார்த்தா முதல் ஜோடி இலையிலேயே தெரிஞ்சுது. பீன்ஸுக்கு அது அகலமா, இதய வடிவில், சொரசொரப்பா இருக்கும். தட்டைப்பயறுக்கு ஒடுங்கி நீண்டு பளபளப்பா இருக்கும்.

விதைச்ச முறையில் குறை சொல்ல வழி இல்லாம அதையும் எழுதிடறேன். ஓசூர்ப் பக்கம், தரைப் பாத்தி, ஐப்பசி. பூ விடும் நேரத்தில் வெயில் 32 டிகிரியைத் தாண்டினா பீன்ஸ் பூவைக் கொட்டிடும், அதனால்தான் அந்தப் பட்டம். மண்ணைக் கொத்திப் பொலபொலன்னு ஆக்கி, மக்கின தொழு உரம் கலந்து, முந்தின நாளே ஈரம் பண்ணிட்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் கண் கீழ்ப்பக்கம் பார்க்க ஊனினது. விதைக்கு விதை 12 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 40. முளை தெரியற வரைக்கும் தண்ணி ஊத்திக் குளமாக்கலை. முளைக்கிற பீன்ஸை அழுக வைக்கிறது முக்கால்வாசி நேரம் அதுதான். முக்கியமா, அதே பாத்தியில் கடைசி வரிசையில் வீட்டில் எடுத்து வெச்ச அர்கா கோமல்ங்கிற பீன்ஸ் ரக விதையும் போட்டது. அது ஆறே நாளில் வரிசையா மண்ணைத் தூக்கிட்டு வந்திடுச்சு.

ராயல் பர்கண்டி வரிசையில் ஒண்ணுகூட வரலை. தோண்டினா கூழும் தோலும். பாக்கெட்டில் மிச்சம் வெச்ச விதையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தா சிலதில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டத் துளை, உள்ளே மாவு. பீன்ஸ் வண்டு வெளியே வந்த ஓட்டை அது. ஓட்டை இல்லாததை ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் வெச்சேன். வீங்கிச்சு, நாறிச்சு, முளைக்கலை.

டிராகன் டங் பாக்கெட்தான் பெரிய மோசடி. பளிச்சுன்னு முளைச்சுது. இங்கேதான் சூட்சுமம் இருக்கு. ராஜ்மாவும் பீன்ஸும் ஒரே தாவர இனம். முளை ஒண்ணு, முதல் இலை ஒண்ணு, மூவிலை ஒண்ணு. காய்க்குச் சாப்பிடுற ரகத்தைப் பிஞ்சில் பறிக்கிறோம், பருப்புக்கு வளர்க்கிறதை முற்ற விடுறோம், அவ்வளவுதான். டிராகன் டங் விதையில் கோடு இருக்கும், சித்ரா ராஜ்மாவிலும் இருக்கும். அதனால் பாக்கெட்டைப் பார்த்தாலும் சந்தேகம் வராது, நாற்றைப் பார்த்தாலும் வராது. நாலாவது வாரம் நுனி நீண்டு பக்கத்துச் செடியைச் சுத்த ஆரம்பிச்சுது பாருங்க, அப்போதான் தெரியும். குத்துச்செடி ரகம் நுனியில் பூங்கொத்து விட்டு 40, 50 சென்டிமீட்டரில் நின்னுடும், கொடி வீசாது. காய் வந்தது பச்சையா, உருண்டையா. பிஞ்சிலேயே ஒடிச்சா நார் நூல் மாதிரி உரிஞ்சு வருது, உள்தோல் காகிதம் மாதிரி. சமையலறை டப்பாவில் இருந்த சித்ரா ராஜ்மாவை அந்த விதை பக்கத்தில் வெச்சா எது எதுன்னு பிரிக்க முடியலை. மளிகைக் கடையில் கிலோ 180 ரூபாய், கிலோவில் 2,000 விதைக்கு மேல் இருக்கும். பத்துப் பைசாகூடப் பெறாத விதை 30 ரூபாய்.

இனி அவங்க சொன்ன சமாதானம் ஒவ்வொண்ணா.

"ராத்திரி முழுக்க ஊற வெச்சீங்களா அக்கா? வைக்கலையா? அதான் முளைக்கலை." பொய். பீன்ஸ் விதைத் தோல் மெல்லிசு. நீரில் மூழ்க வெச்சா வேகமா உறிஞ்சி உள்ளே பருப்பு வெடிச்சிடும், அப்புறம் மண்ணில் அழுகும். ஈர மண்ணே அதுக்குப் போதும்.

"மண்ணில் பூஞ்சை இருக்கும்." அதே மண்ணில் அர்கா கோமல் எப்படி வந்துச்சுன்னு கேட்டதுக்கு ரெண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு கும்பிடு எமோஜி.

"பாரம்பரிய விதைன்னா முளைப்பு கம்மியாத்தான் இருக்கும்." இதுதான் ரொம்பக் கோபம் வர வெச்சது. பாரம்பரிய ரகம்னா தலைமுறை தலைமுறையா விதை எடுத்து விதைச்சு வந்தது. முளைக்காத விதை எப்படித் தலைமுறை தாண்டும்? சான்று விதைத் தரத்தில் பீன்ஸுக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். நல்லா காய்ஞ்ச விதையைக் குளிர்ச்சியான இடத்தில் காற்றுப் புகாம வெச்சா மூணு வருஷம்கூடத் தாங்கும்.

"உங்க தோட்டத்தில் வேற பீன்ஸ் இருக்குல்ல, மகரந்தம் கலந்து காய் மாறிடுச்சு." விதை விக்கிற ஆள் பேசுற பேச்சா இது? பீன்ஸ் பூ விரியறதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள தன் மகரந்தச் சேர்க்கை முடிஞ்சிடும். அபூர்வமா தேனீ கலந்து விட்டாலும் அது தெரியறது அந்தக் காய்க்குள்ள இருக்கிற விதையை அடுத்த தடவை விதைக்கும்போதுதான். இந்தச் செடியில் தொங்குற காயோட நிறமும் தோலும் தாய்ச்செடியோடது. அது மாறவே மாறாது.

இதை எழுதி அனுப்பினதும் "ஓனர்கிட்ட பேசுறேன்க்கா." ஓனர் எண்ணுக்குக் கூப்பிட்டா அதே குரல்! பாதிப் பணமாவது குடுங்கன்னு கேட்டதுக்கு, அடுத்த ஆர்டரில் 10 சதவீதம் தள்ளுபடியாம். அப்புறம் பிளாக். அவங்க வலைத்தளப் பக்கத்தில் போட்ட படங்களும் கமெண்டும் அழிக்கப்பட்டாச்சு. பணம் போன செயலியில் புகார் பண்ணினா, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பின தொகை, விற்பனையாளரைத் தொடர்பு கொள்ளவும்னு பதில். 1,430 ரூபாய் போனது போனதுதான்.

பணத்தைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. பீன்ஸில் மொசைக் வைரஸும் ஆந்த்ரக்னோஸ் நோயும் விதை வழியா வரும். அந்த ராஜ்மா செடி ரெண்டில் இலை கீழ்ப்பக்கம் சுருண்டு, வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாத் திட்டுத் திட்டா நின்னுச்சு. அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்து வரிசைக்குக் கொண்டு போயிடும். பிடுங்கி எரிச்சாச்சு. ஆனா அந்த அர்கா கோமல் வரிசையிலிருந்து இந்தத் தடவை விதை எடுக்க முடியாது, எந்தச் செடியில் நோய் ஒளிஞ்சிருக்குன்னு யார் கண்டா. வருஷா வருஷம் நல்ல செடியாப் பார்த்து விதை எடுத்த வரிசை. அதுக்கு எந்த யுபிஐயில் பணம் திரும்பும்?

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்போ பொறுமை இல்லை. சுருக்கமா:

பாக்கெட்டில் லாட் எண் (எந்தத் தொகுதி விதைன்னு காட்டுற எண்), சோதனை தேதி, முளைப்பு சதவீதம் இல்லைன்னா வாங்காதீங்க. விதை விற்க 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேணும், எண்ணைக் கேளுங்க, மழுப்பினா நகருங்க. அன்றைய தேதி எழுதின சீட்டோட விதையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

நீல பீன்ஸ், வானவில் பீன்ஸ்னு படம் போட்டா யோசிக்கவே வேண்டாம். பீன்ஸில் "ஹைபிரிட் எஃப்1" (ரெண்டு ரகத்தைக் கலந்து எடுக்கிற முதல் தலைமுறை விதை)னு சொன்னாலும் சந்தேகப்படுங்க, தன் மகரந்தச் சேர்க்கைப் பயிரில் அது கட்டுப்படியாகாத வேலை.

புது விதையைத் தனிப் பாத்தியில் போடுங்க. சொந்த விதை வரிசை பக்கத்தில் கூடவே கூடாது. கருஊதாக் காய் ரகம்னு வாங்கினா தண்டிலும் பூவிலும் ஊதா தெரியணும், வெள்ளைப் பூ வந்தா அப்பவே புகார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் அனுப்பின ரசீது, உரையாடல், படம் எல்லாத்தையும் அவங்க பிளாக் பண்றதுக்கு முன்னாடியே சேமிச்சு வைங்க.

அப்புறம், முளைக்காத மிச்ச விதையைக் குழம்பில் போட்டுக் காசைக் கழிச்சிடலாம்னு நினைக்காதீங்க. இளஞ்சிவப்போ நீலமோ சாயம் ஒட்டியிருந்தா அது பூஞ்சைக்கொல்லி பூசின விதை. கோழிக்கும் போடாதீங்க.