ஆன்லைன்ல பவழமல்லி வாங்கப் போறீங்களா? என் 2,400 ரூபாய் போன கதை

நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சுச்சு. 2,400 ரூபாய் கொடுத்து நான் வாங்கினது செடியே இல்ல. நார்த்தூள்ல சொருகின கிளை.

நவராத்திரிக்கு வீட்டுப் பவழமல்லி வேணும்னு ஆசை. ராத்திரி பூத்து விடியும்போது உதிர்ந்துடும், தரையில விழுந்தாலும் சாமிக்கு ஆகுற பூ. அம்மாச்சி வீட்டு வாசல்ல ஆரஞ்சுக் காம்பு தெரியக் கவுந்து கிடக்கும். மிதிக்காம நடக்கவே தனிப் பழக்கம் வேணும். விதை போட்டு வளர்க்கப் பொறுமை இல்ல. செடி விக்கிற ஒரு பக்கத்துல "5 அடிச் செடி, இந்த வருஷமே பூக்கும்"னு பார்த்ததும் விழுந்துட்டேன்.

சும்மா விழல. அந்தப் பையன் "அக்கா, உங்க செடியைத் தனியா எடுத்து வச்சாச்சு"ன்னு வீடியோ அனுப்பினான். தொட்டியில ஒரு அட்டை, அதுல என் பேர், இனிஷியலோட! இலையை நகத்தால சுரண்டிக் காட்டினான், உப்புத்தாள் மாதிரியே சத்தம். இளங்கொம்பு உருண்டையா இல்லாம நாலு பட்டையா, சதுரமா இருந்துச்சு. பவழமல்லியேதான். உடனே முழுப் பணத்தையும் ஜிபே பண்ணிட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்துச்சு. அட்டை பத்திரமா இருந்துச்சு, இலைதான் தொங்கிப்போயிருந்துச்சு. கேட்டா, "டிராவல் களைப்புக்கா, 15 நாள்ல துளிர்க்கும்." 15 நாள் கழிச்சு, "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க." அடுத்த வாரம், "தண்ணி பத்தல." அப்புறம், "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?"

வெயில் படுற மூலையில குழி வெட்டி, தொழுவுரம் போட்டுட்டு, நேத்து தொட்டியிலேருந்து தூக்கினேன். கையோட வந்துடுச்சு. நூல் அளவுக்குக்கூட வேர் இல்ல. அடி சாய்வா வெட்டியிருக்கு. போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. ராத்திரி பிளாக்.

2,400! எங்க ஏரியா நர்சரியில கவர் செடி 80 ரூபாயாம். வீட்டுக்காரர் "குச்சிக்கா 2,400?"ன்னு கேட்டதை இங்க எழுத வேண்டாம்னு பார்த்தேன், எழுதிட்டேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் ஓடல. இலையைப் பார்த்து ஏமாறாதீங்க. வீடியோ கால்ல தண்டைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, வேர் மண்ணோட வரணும். முழுப் பணமும் முன்னாடியே கொடுக்காதீங்க. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பணம் போனா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்குக் கூப்பிடுங்க.

மக போன்ல அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். காலையில புது வீடியோ போட்டிருக்கான். அதே தொட்டி, அட்டையில வேற யாரோ பேர்.