துள்ளுமாவு பாக்கெட்: விரதத்துக்கு ஆகாது, கொழுக்கட்டைக்கு ஆகும்

சமயபுரத்தாள் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். மக்களுக்காக அவளே இருக்கிற விரதம். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது. துள்ளுமாவு (ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்த பச்சை மாவு), நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, இவ்வளவுதான். இந்த வருடம் நானும் மஞ்சள் சேலை கட்டி அவளோடு இருந்தேன். துவாக்குடியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறைக்கு ஆர்டர் நின்று ஐந்து மாதம். வேண்டுதல் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தினம் யார் மாவு இடிப்பது என்று திருச்சியில் ஒரு கடையில் பாக்கெட் வாங்கினேன். கால் கிலோ 80 ரூபாய். நான்கு வாங்கிவிட்டேன். பிரித்ததும் மணம் ஆளைத் தூக்கியது. சந்தேகமே அங்கேதான் வந்தது. பச்சை மாவுக்கு ஏது அந்த மணம்? அத்தை ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டு, "வறுத்த மாவுடி இது. ஆத்தாளே அடுப்புச் சாப்பாடு வேணாம்னு இருக்கா, அவளுக்குப் போய் இதை வைப்பியா?" என்றார். வெல்லமும் காய்ச்சித்தானே வருகிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

பாக்கெட்டைத் திருப்பினால் இரண்டு மாதம் கெடாது என்று போட்டிருக்கிறது. ஈர மாவு ஒரு நாள் தாங்கினாலே பெரிது. இதை வாங்கும் முன்பே நான் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் என்ன, பரணில் கிடந்த உலக்கை இறங்கியது. பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லத்தூள், ஏலக்காய் சேர்த்துப் பிசறினால் முடிந்தது. ஆனால் மோரும் பானகமும் குடித்துக்கொண்டு பட்டினி கிடக்கிற உடம்புக்கு உலக்கை லேசான சாமான் இல்லை. மூன்றாம் நாளே தோள் விட்டுப்போனது.

நான்காம் நாள் காலை ஐந்து மணிக்கு இடிக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். ஐந்து மாதமாகப் பத்து மணிக்கு முன் எழாத மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரல் முன்னால் நிற்கிறார். லேத்தில் நின்ற கை, மாவு பூப்போல இருந்தது. "சல்லடை எங்கே?" என்றார். அன்றிலிருந்து 28ஆம் நாள் வரை இடிப்பது அவர், சலிப்பது நான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பத்து மணித் தூக்கம் மட்டும் போய்விட்டது.

பாக்கெட்டுக்கு 5க்கு 2. சுத்தமாக இருக்கிறது, கல் மண் இல்லை, இனிப்பும் அளவு. துள்ளுமாவு என்ற பெயரை மட்டும் போடாமல் இருந்திருக்கலாம். மிச்சமிருந்த மூன்றையும் விரதம் முடிந்த மறுநாள் தேங்காய்த் துருவல் போட்டு, வெந்நீர் தெளித்துப் பிடி கொழுக்கட்டையாக அவித்தேன். அதற்கு நன்றாகவே இருந்தது.