படகுக்கு முழு மதிப்பெண், நேர அட்டவணைக்குப் பாதி கூடக் கிடையாது

இந்த வாடகைப் படகுச் சேவையைப் பற்றி ஒருத்தர் சொர்க்கம் என்கிறார், அடுத்தவர் சேற்றில் உட்கார்ந்து வெயில் காய்ந்ததுதான் மிச்சம் என்கிறார். அதே படகு, அதே உப்பங்கழி, அதே ஆட்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நண்பர்களோடு போய்விட்டு வந்த பிறகு எனக்குத் தோன்றுவது, இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் படகு. தட்டையான அடிப்பாகம் உள்ள அலுமினியப் படகு, பின்னால் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், ஓட்டுநர் கிடையாது, நாமே ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆழமில்லாத உப்பங்கழிக்கு இதைவிடப் பொருத்தமான படகு கிடைக்காது. எழுந்து நின்றாலும் பெரிதாக ஆடவில்லை, மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது, எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். கில் ஸ்விட்ச் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டினால்தான் கரையிலிருந்து தள்ளியே விட்டார்கள், அது எனக்குப் பிடித்தது. ஓட்டுகிறவர் தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் அணைந்துவிடும். இந்தக் கயிறு இல்லாமல் படகு தரும் இடம் எதுவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். கழி கடலில் சேரும் கழிமுகத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல் நீர், வெளியே ஓட, காற்று எதிரே அடிக்க, அலை குறுகலாக எழும்பும், தட்டை அடிப்பாகம் ஒவ்வொரு அலையிலும் பலகையால் அறைந்த மாதிரி இறங்கும், முதுகு போய்விடும்.

'அரை அடி தண்ணீர் இருந்தால் போதும்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அது ஆள் ஏறாத, மோட்டாரைத் தூக்கி வைத்த வெறும் படகின் கணக்கு. ஆட்களும் பைகளும் ஏறி, ப்ரொப்பல்லரும் கீழே இறங்கினால் அதைவிட நிறையவே வேண்டும். மோட்டாரைச் சற்றே சாய்த்து வைத்து ஓட்ட ஒரு நிலை இருக்கிறது, அதில் மெதுவாக ஊர்ந்து போகலாம். ஆனால் குளிர்விக்கத் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும், சேற்றையும் உறிஞ்சக் கூடாது. இதைக் கவனிக்கச் சுலபமான வழி, மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து பென்சில் தடிமனில் தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தனுக்கு அதுதான் வேலை. இரண்டாவது வளைவு தாண்டியதும் "டேய், பீச்சுறது மெலிஞ்சு போச்சுடா, நிறுத்து" என்று கத்தினான். தண்ணீர் காபி நிறத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை அணைத்துத் தூக்கி, துளைகளை அடைத்திருந்த சேற்றையும் பாசியையும் விரலால் நோண்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. கவனிக்காமல் விட்டிருந்தால் மோட்டார் சூடேறி நின்றிருக்கும். இந்த விஷயத்தைப் புறப்படும்போது யாரும் சொல்லித் தரவில்லை என்பது ஒரு குறை.

பெரிய குறை நேர அட்டவணைதான். காலை 10 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்குத் திரும்ப வேண்டும், எல்லா வாரமும் இதே நேரம். பேருந்து நிலையத்துக்கு இது சரி, ஓதம் ஏறி இறங்கும் கழிக்கு எப்படிச் சரிவரும்? நாள் ஒன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்கும் கரைகளில் ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. ஆக, தினமும் பெருக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை ஓதப் பட்டியலைப் பார்த்தபோது உச்சப் பெருக்கு காலை 8 மணிவாக்கில். வற்றுவதற்கு ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், ஆனால் நீர் ஒரே சீராக இறங்காது. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, அப்புறம் இரண்டு, ஒன்று என்பது படகுக்காரர்களின் மனக்கணக்கு. அதாவது நாங்கள் கிளம்பிய 10 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில்தான் மொத்த இறக்கத்தில் பாதி. போதாக்குறைக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாள், இறக்கமும் அதிகம். நேரத்தை முன்னால் நகர்த்தித் தர முடியுமா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் பத்து மணிதான் சார்" என்றார்கள்.

நடந்தது என்னவென்றால், உள்ளே போகப் போகக் கரை இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே வந்தது. ஒரு கிளைக் கழியில் திரும்பும்போது படகு மெத்தையில் உட்கார்ந்தது போல நின்றுவிட்டது. வற்றும் நீரில் தரை தட்டினால் யோசிக்க நேரமில்லை, சில நிமிடம் விட்டாலும் அடுத்த பெருக்கு வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். மோட்டாரைத் தூக்கினோம், பின்னால் இருந்தவர்கள் மூக்குப் பக்கம் நகர்ந்தார்கள், கம்பால் ஊன்றித் தள்ளினோம், நகர்ந்தது. இறங்கித் தள்ளலாம் என்று ஒருத்தன் காலை வெளியே போட்டான், சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம். அந்தச் சேறு முழங்காலுக்கு மேல் விழுங்கும், காலை எடுப்பதற்குள் பெரும்பாடு. அதோடு படகைத் திருப்பிக்கொண்டு, வளைவுகளில் வெளிப்பக்கக் கரையை ஒட்டியே வந்தோம். நீரோட்டம் அந்தப் பக்கம்தான் அறுக்கும், அங்கேதான் ஆழம். உள்பக்கம் வண்டல் படிந்து மேடாக இருக்கும். மதியம் வரை இருந்த மீதி நேரத்தைக் கழிமுகம் வரை போகாமல், அதற்கு முன்னாலேயே நங்கூரம் போட்டுக் கதை பேசியே ஓட்டினோம். ஞாயிறன்று பெருக்கு 50 நிமிடம் தள்ளிப் போயிருந்ததால் கொஞ்சம் பரவாயில்லை, முதல் நாள் திரும்பிய வளைவுக்கு மேலே போக முடிந்தது.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு வாரம் கழித்துப் பெருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும், அதாவது மதியம் 2 மணிவாக்கில். அன்று அதே 10 மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு நீர் முழுக்க ஏறுமுகம். தட்டினாலும் சற்று நேரம் பொறுத்தால் தானே தூக்கிவிடும். பாதி நிலா நாளாக இருப்பதால் ஓட்டமும் மென்மையாக இருக்கும். அவர்கள்தான் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள்.

ஆக, படகுக்கு ஐந்துக்கு ஐந்து, பாதுகாப்புக்கு நான்கு, நேர அட்டவணைக்கு ஒன்று. முன்பதிவு செய்வதற்கு முன் அந்தக் கரைக்கான ஓதப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், உச்சப் பெருக்கு மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள் வரும் சனிக்கிழமையாகப் பார்த்துப் பணம் கட்டுங்கள். நீளமான கம்பு படகில் இருக்கிறதா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள், எங்களுக்குக் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.